பாட்டியின் நடைக்கேற்ற கடல்

எங்கள் குடும்பத்தின் கப்பல் சுற்றுலாப் பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கப்பல் வந்து நின்ற இடமோ சிவிட்டவெக்கியா என்னும் துறைமுக நகரம். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், மாலை ஆறு மணிக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்ற கெடு, இவற்றோடு ஜூலை மாத வெயில். அப்போது எழுபத்தொன்பது வயதாகியிருந்த என் பாட்டி, காலை உணவு மேசையில் அமர்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் இங்கேயே கடலைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றார்.

நாங்கள் போனோம். வியர்வையும் அலுப்புமாகத் திரும்பியபோது அவர் ஏழாம் தளத்தில், காலையில் நாங்கள் விட்டுப்போன அதே சன்னலோர நாற்காலியில் இருந்தார். பதினைந்து பேர் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பத்து மணி நேரம் அவருக்குப் பேச்சுத்துணைக்குக்கூட யாரும் இல்லை. அந்தப் பயணமே அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரோடு சில நாள்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஏற்பாடு செய்யப்பட்டது.

2018-இல் நடந்த அந்தப் பத்து இரவு மத்தியதரைக் கடல் பயணத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு துறைமுகத்திலும் இதுவே நடந்தது. ஃபுளோரன்ஸுக்கென்று இறக்கிவிடும் லிவோர்னோவிலிருந்து அந்நகரம் இன்னும் தொலைவு. சாந்தோரினியில் கப்பல் கரையோடு சேர்வதே இல்லை. எரிமலைக் குழியில் நீர் நிறைந்து உண்டான விரிகுடாவில் நின்றுவிட, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குகிறார்கள். படகிலிருந்து இறங்கிய பின் ஃபிரா நகரத்துக்கு ஏறிச்செல்ல வரிசையில் நின்று கம்பிவட ஊர்தியைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏறத்தாழ 580 படிகள். நேப்பிள்ஸில் மட்டும், கப்பலை நகரத்தின் மடியிலேயே கட்டியதால், பாட்டி கைத்தடியோடு இறங்கி எங்களுடன் ஒரு மணி நேரம் உலவினார். இன்றுவரை இத்தாலி என்றால் அவருக்கு நேப்பிள்ஸ்தான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, எல்லோரும் மறுபடியும் ஒருமுறை கூடவேண்டும் என்று சித்தி பேச்செடுத்தபோது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நேப்பிள்ஸ் கற்றுத்தந்த பாடம் என்னிடம் இருந்தது: எந்த நாடு, எந்தக் கடல் என்ற கேள்விக்கு முன்னால், கப்பல் எங்கே நிற்கும், அங்கிருந்து பார்க்க வேண்டியது எத்தனை அடி தொலைவில் இருக்கும் என்று கேட்க வேண்டும்.

குடும்பம் அதற்குள் பத்தொன்பது பேராக வளர்ந்திருந்தது. நான்கு தலைமுறை, மூன்று கண்டங்கள், நான்கு நாடுகளின் கடவுச்சீட்டுகள். ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொன்னார்கள். தம்பி கிரேக்கத் தீவுகளை விரும்பினான், அக்காவின் பிள்ளைகள் கரீபியன் கடற்கரைகளைக் கேட்டார்கள், பெரிய மாமா ஐரோப்பிய ஆறு ஒன்றில் அமைதியாகப் போகலாம் என்றார். விருப்பப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நான் முதலில் எழுதியது உடல்களின் பட்டியல். பாட்டிக்கு எண்பத்தைந்து நிறையும். நின்று இளைப்பாறாமல் இருநூறு அடிகள் வைப்பார், அதற்கு மேல் சக்கர நாற்காலி வேண்டும். பெரிய மாமாவின் இதயக் குழாயில், அடைப்பை விலக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சித்தியின் மருமகள் கருவுற்றிருந்தாள். அக்காவின் கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது, மூத்தவனுக்குப் பதினாறு. எந்தக் கடல் என்று முடிவெடுப்பதற்கு முன்பே இந்தப் பட்டியல் பலவற்றை முடிவு செய்துவிட்டது. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பயணத்தின் எந்த நாளிலும் கர்ப்பம் 24 வாரத்தை எட்டிவிடும் என்றால் ஏற்றிக்கொள்வதில்லை; பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் வழக்கமாக அனுமதிப்பதில்லை. 2023 இலையுதிர்காலத்தில் பிறக்கவிருந்த குழந்தைக்காகப் பயணத்தை 2024 கோடைக்குத் தள்ளினோம். தென்கோளத்தில் படிக்கும் பிள்ளைகளின் குளிர்கால விடுமுறையும் வடகோளத்துக் கோடை விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் காலம் ஜூலைத் தொடக்கம்தான். மாதம் உறுதியானதும் கடல்கள் தாமாகவே கழியத் தொடங்கின.

கரீபியனை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சிறு பிள்ளைகள் நிறைந்த குடும்பத்துக்கு அதைவிட இசைவான கடல் குறைவு. கப்பல் நிறுவனங்கள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் தனித் தீவுகள் பலவற்றில் கப்பலிலிருந்து இறங்கிச் சிறிது நடந்தாலே மணற்பரப்பு வந்துவிடுகிறது. ஆனால் அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயல் வந்தால் கப்பலுக்கு ஆபத்து என்று அஞ்சத் தேவையில்லை, மாலுமிகள் வெகு முன்னதாகவே விலகிப்போய்விடுவார்கள். எந்தத் துறைமுகத்தில் இறங்கப்போகிறோம் என்பதுதான் நிச்சயமற்றதாகிவிடும். நாங்கள் வேறு கடலில் இருந்த அதே 2024 ஜூலை முதல் வாரத்தில், பெரில் புயல் அட்லாண்டிக்கில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக முன்கூட்டி ஐந்தாம் நிலையை எட்டி, ஜமைக்காவை உரசிச் சென்று மெக்சிகோவின் யுகட்டானில் கரையேறியது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை விடுப்பு எடுக்க முடிந்த குடும்பம் என்றால், நானே கரீபியனை முதலாவதாகச் சொல்லியிருப்பேன்.

மத்தியதரைக் கடலுக்கும் மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் பழுது அந்தக் கடலில் இல்லை, நாங்கள் துறைமுகங்களைப் பார்க்காமல் நகரப் பெயர்களைப் பார்த்துத் தேர்ந்ததில் இருந்தது. மால்டாவின் வல்லெட்டாவில் கப்பல் கோட்டை மதிலின் கீழேயே நிற்கிறது. 2012-இல் அமைத்த மின்தூக்கி ஏறத்தாழ 58 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய நகரத்துக்கு முதியவர்களைத் தூக்கிவிடுகிறது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுக்கும் 2020 முதல் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று புதிய மின்தூக்கி உண்டு. இப்படி இறங்குமிடங்களை மட்டும் கோத்து ஒரு நல்ல பாதையை அமைத்துவிடலாம். தடையாக வந்தது வெயில். நாங்கள் பேசிக்கொண்டிருந்த 2023 ஜூலையிலேயே கடும் வெப்பத்தால் அக்ரோபோலிஸை நடுப்பகல் வேளைகளில் மூடினார்கள். இதயநோயாளி ஒருவரையும் கைக்குழந்தை ஒன்றையும் வைத்துக்கொண்டு அந்தக் கற்களின் மேல் நிற்க எனக்குத் துணிவில்லை.

டான்யூப் போன்ற ஆற்றுப் பயணம் பெரியவர்களுக்கு ஆடாத, அலையாத வழி. கப்பல் நகரத்தின் கரையிலேயே நிற்கும். ஆனால் இருநூறு பேருக்கு உட்பட்ட அந்தக் கப்பல்களில் பிள்ளைகளுக்கான இடம் சொற்பம், மூவர் நால்வர் தங்கும் அறைகளும் அரிது. பெரிய மாமாவே அதை விட்டுவிடச் சொன்னார்.

மிஞ்சியவை இரண்டு: மலைகளுக்கிடையே கடல் குறுகலாக உள்ளே நுழையும் நார்வேயின் ஃபியோர்டுகள், அலாஸ்கா. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது எனக்கே புலப்பட்டது. ரோமிலும் ஏதென்ஸிலும் பயணி இறங்கிக் காட்சியைத் தேடிப் போக வேண்டும், போகிற வேகத்துக்கேற்பக் குடும்பம் துண்டு துண்டாகப் பிரியும். ஃபியோர்டிலும் பனியாற்றின் முன்னும் கப்பலே காட்சிக்குள் நுழைகிறது. எண்பத்தைந்து வயதுக்காரரும் நான்கு வயதுக்காரியும் ஒரே தளத்தில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே நொடியில் ஒன்றையே பார்க்க முடியும். பலதலைமுறைக் குடும்பத்துக்கு இடம் தேடுபவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். நடக்க வேண்டிய நகரங்களை எல்லோரும் நடக்கக்கூடிய ஆண்டுகளில், சிறு குழுக்களாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அலாஸ்காவைத் தேர்ந்தது பெரும்பாலும் விமானத் தொலைவையும் விசாக்களையும் எண்ணித்தான். விசா விஷயத்தில் நாங்கள் தடுமாறவிருந்த ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால் அமெரிக்க விசா ஒன்றே போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல் (பெரிய கப்பல்களில் ஏறத்தாழ எல்லாமே அப்படித்தான்) அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடியும் பயணத்தில் இடையே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் அந்தக் கப்பல்கள் கடைசி மாலை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. அதற்காகவே கனடா விசா தேவைப்படும் கடவுச்சீட்டுகள் எங்கள் குடும்பத்தில் இரண்டு இருந்தன. அமெரிக்க விசாவும் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டுகள் கலந்த குடும்பங்கள், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டையும் ஒவ்வொரு கடவுச்சீட்டோடும் பொருத்திப் பார்த்துவிட்டே முன்பணம் கட்டவேண்டும். பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியுடன் வரும் சிறுவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும்.

எப்படியும் இரண்டு விசாவும் வேண்டும் என்றானதும் கனடாவின் வான்கூவரில் ஏறுவதென்று முடிவெடுத்தோம். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்குப்புறம், திறந்த பசிபிக்கில் செல்கின்றன. வான்கூவரிலிருந்து கிளம்புபவை தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட, அலை தணிந்த நீரில் வடக்கே போகின்றன. தலைசுற்றலுக்கு அஞ்சும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அதே எண்ணத்தில் பாட்டிக்கும் பெரிய மாமாவுக்கும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், மின்தூக்கிக்கு அருகே அறை எடுத்தோம். கப்பல் ஆடும்போது முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்கும். ஊஞ்சலின் நடுவில் அமர்ந்தவருக்குப் போல இடைப்பகுதி அமைதியாக இருக்கும். சக்கர நாற்காலி புகும் குளியலறையோடு கூடிய அறைகள் எந்தக் கப்பலிலும் சிலவே உள்ளன என்பதால், மற்ற அறைகளுக்கு முன்பாக அதைத்தான் பதிவு செய்தோம்.

ஒவ்வொரு துறைமுகத்தின் பக்கத்திலும் கப்பல் கரையோடு கட்டப்படுமா, பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் என்னும் சிறு படகா என்று நான் குறித்துக்கொண்டே வந்தேன். கடல் சற்று அலைபாய்ந்தாலும் டெண்டர் படகில் ஏறுவது முதியவர்களுக்கு இயலாததாகிவிடும். கனமான மின்சக்கர நாற்காலியை அதில் ஏற்ற மறுக்கவும் செய்வார்கள். வாரம் முழுவதும் ஒரு டெண்டர் துறைமுகம்கூட இல்லாத பாதையையே எடுத்தோம்: ஜூனோ, ஸ்காக்வே, பனியாறுகள் வந்து இறங்கும் க்ளேசியர் பே விரிகுடா, கெட்சிகன். க்ளேசியர் பேயில் யாரும் இறங்குவதே இல்லை என்று அறிந்ததும் தம்பி சற்று ஏமாற்றமடைந்தான். எனக்கோ அந்த ஒரு வரிக்காகவே முழுப் பயணத்தையும் பதிவு செய்யலாம் என்று தோன்றியது.

கப்பலின் அளவைப் பற்றிப் பிள்ளைகளோடு நீண்ட பேச்சு நடந்தது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கவிருந்த ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ போன்ற கப்பல்களின் படங்களை அவர்கள் காட்டினார்கள். அதில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். நீர்ச்சறுக்குகளை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய கப்பலில் பத்தொன்பது பேர் ஒருவரையொருவர் தேடியே பாதி நாள் போய்விடும், பாட்டியின் அறையிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போவதே ஒரு நடைப்பயணமாகிவிடும். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கான நடுத்தரக் கப்பலை எடுத்தோம். எட்டு அறைகள் பதிவு செய்தால் பல நிறுவனங்கள் அதைக் குழுவாக ஏற்றுக்கொண்டு சில சலுகைகள் தருகின்றன. நாங்கள் பெற்ற பெரிய நன்மை, இரவுணவுக்கு ஒரே நேரமும் பக்கத்துப் பக்கத்து இரண்டு மேசைகளும். விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம் என்ற ஏற்பாடு சுதந்திரமாகத் தெரிந்தாலும், ஒன்றுகூடலுக்கு அது பகை. மாலை ஐந்தரை மணி மேசை என்று எழுதிவைத்ததால்தான் பகலில் எங்கே திரிந்தாலும் ஏழு இரவும் பத்தொன்பது பேரும் ஒன்றாக அமர்ந்தோம்.

மருத்துவக் காப்பீட்டை, அவசர வெளியேற்றச் செலவையும் சேர்த்து, எல்லோருக்கும் கட்டாயமாக்கினேன். கப்பலில் மருத்துவர் உண்டு, எளிய சிகிச்சைக்கும் தொடக்க உதவிக்கும் அது போதும். அறுவை தேவைப்பட்டால் கரைக்குக் கொண்டுபோக வேண்டும், ஜூனோவுக்கோ வெளியுலகிலிருந்து சாலையே கிடையாது, விமானமும் கப்பலும்தான். விமானத்தில் வருபவர்கள் ஒருநாள் முன்னதாகவே வான்கூவரில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். ஒருவரின் விமானம் பதினொரு மணி நேரம் தாமதமாகியும் கப்பலைத் தவறவிடாதது அதனால்தான்.

க்ளேசியர் பேக்குள் நுழைந்த காலை எனக்கு மறக்காது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. விரிகுடாவின் வாயில் தேசியப் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, மாலைவரை ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே வருகிறார்கள். 1794-இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் இந்தப் பக்கம் வந்தபோது ஏறத்தாழ முழு விரிகுடாவும் பனிக்கட்டியாகவே இருந்தது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் படகில் வந்து பார்க்கையில் பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கிவிட்டிருந்தது. அதற்கும் முன்பு, 1700-களில் பனியாறு முன்னேறி வந்து அங்கே வாழ்ந்த ஹூனா ட்லிங்கிட் மக்களை ஊரைவிட்டே துரத்தியதாம். அவர்களுடைய சந்ததியார் கூடுவதற்கென்று 2016-இல் அந்தக் கரையில் ஒரு குலமனை எழுப்பப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் பாட்டி மட்டும், “எத்தனை தலைமுறை கழிச்சு?” என்று என் மகளிடம் கேட்டார். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, இரு பக்கத்து அறைகளுக்கும் தெரியும்படி மெல்லத் திரும்பியது. ஒரு மைல் அகலம், நீருக்கு மேல் 250 அடி உயரம் என்று சொன்னார்கள். எனக்கு அளவே பிடிபடவில்லை. பாட்டியைக் கம்பளி போர்த்திக் கம்பியோரம் அமர்த்தியிருந்தோம். எட்டு மாதக் குழந்தை அவர் மடியில் தூங்கியது, சக்கர நாற்காலியின் இருபுறமும் பிள்ளைகள் நின்றார்கள், பதினாறு வயதுக்காரன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டிருந்தான். ஒரு பெரிய துண்டம் உடைந்து நீரில் விழுந்தது. விழுந்தது தெரிந்து ஓரிரு நொடிகள் கழித்தே ஓசை வந்தது. ட்லிங்கிட் மக்கள் அதை ‘வெள்ளை இடி’ என்கிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்த நேரத்தில் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட அங்கே இல்லாமல் இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

எல்லாம் நிறைவாக அமைந்தது என்று சொல்லமாட்டேன். கெட்சிகனில் நாள் முழுவதும் மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் அது, எல்லோருக்கும் நல்ல மழையங்கி கொண்டுவரச் சொல்லாதது என் பிழை. நீச்சல்குளத்தை நம்பி வந்த இரண்டு பிள்ளைகள் முதல் மூன்று நாள்கள் முகம் வாடியிருந்தார்கள். ஸ்காக்வேயில் அந்தக் குறை தீர்ந்தது. தங்க வேட்டைக் காலத்தில், 1898-க்கும் 1900-க்கும் இடையே போடப்பட்ட குறுகிய ரயில்பாதை அங்கே 20 மைல் தொலைவில் ஏறத்தாழ 3,000 அடி மலையேறுகிறது. சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் வசதியுள்ள பெட்டியை முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தோம். பாலங்களும் குகைப்பாதைகளும் வரும்போதெல்லாம் நான்கு தலைமுறையும் ஒரே சன்னலுக்கு முண்டியடித்தது.

இப்போது அடுத்த ஒன்றுகூடலுக்கு நார்வேயைப் பேசிக்கொண்டிருக்கிறோம். கெய்ராங்கர் ஃபியோர்டும் நேராய் ஃபியோர்டும் 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். 2026 முதல் அங்கே 10,000 டன்னுக்குட்பட்ட பயணிகள் கப்பல்களுக்குப் புகையற்ற இயக்கம் கட்டாயம், பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். அதற்கேற்பப் பாதைகள் எப்படி மாறும் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டிக்கு எண்பத்தேழு ஆகிவிட்டது, இருநூறு அடி இப்போது அறுபதாகச் சுருங்கியிருக்கிறது. சென்ற வாரம் காணொளி அழைப்பில், ஃபுளோம் என்ற ஊரில் 20 கிலோமீட்டர் ஓடி 867 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ரயில் ஒன்று இருப்பதைச் சொன்னேன். அருவிகளைப் பற்றியும் மலைகளைப் பற்றியும் நான் விவரித்ததைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஸ்டேஷன் கப்பலுக்குப் பக்கத்துலயே இருக்கா?”

இருக்கிறது.